பத்து நிமிடம் தாங்கும் கதை

ஆறாவது செமஸ்டர் தொடங்கி ஒரு வாரம் ஆவதற்குள் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) துறையின் வராந்தாவில் கதைகள் நடமாடத் தொடங்கிவிடும். தாத்தாவின் ஊரைத் தேடிப் போகிறான் ஒருவன். போன இடத்தில் ஒரு கொலை. கொலைக்குப் பின்னால் ஒரு நிலத் தகராறு. தோண்டிக்கொண்டே போனால் கொன்றவர் தாத்தாவேதான். இதைப் பன்னிரண்டு நிமிடத்தில் எடுத்துவிடுவேன் என்று மாணவர் சொல்வார். கையில் இருப்பது நண்பனின் கேமரா, கூட வரத் தயாராக ஐந்தாறு பேர், வீட்டில் கேட்டு வாங்கக்கூடிய சொற்பப் பணம்.

சென்னையில் இறுதியாண்டுக் குறும்படங்களுக்குப் பல வருடங்களாக வழிகாட்டிவரும் ஆசிரியர் ஒருவர், இப்படிப்பட்ட கதைகளைக் குறுக்கே பேசாமல் முழுசாகக் கேட்பார். கேட்டு முடித்ததும் அவரிடமிருந்து வருவது ஒரே கேள்வி: “இதுல எந்த ரெண்டு நிமிஷத்துக்காக இந்தப் படத்தை எடுக்கணும்னு உனக்குத் தோணுச்சு தம்பி?” பதில் பெரும்பாலும் கொலையாக இருக்காது. ஊருக்கு வந்த பேரன், சுவரில் மாட்டியிருக்கும் பழைய போட்டோவில் தன் முகச்சாயலோடு முன்பின் தெரியாத ஒருவரைப் பார்க்கும் இடம் என்று வரும். “அப்ப அதுதான் உன் படம். மிச்சத்தைச் சினிமாவுக்குப் போனப்புறம் எடுத்துக்கலாம்.”

அவரே சினிமா வழியாக இந்த வேலைக்கு வந்தவர். சாலிகிராமத்து வாடகை அறைகளில் நடக்கும் கதை டிஸ்கஷன்களில் உதவி இயக்குநராக உட்கார்ந்திருந்தார், பிறகு எடிட்டிங் அறையில் சில காலம், அதன்பின் கல்லூரி. டிஸ்கஷனில் முதலில் தேடுவது ‘நாட்’. ஒரே வரியில் சொன்னால் எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்கார வேண்டும். அந்த வரி கிடைத்துவிட்டால், அதை இரண்டரை மணி நேரத்துக்குச் சீன் சீனாகப் பெருக்குவதுதான் அறையில் உள்ள அத்தனை பேருக்கும் வேலை. மாணவர்களும் படம் பார்த்துப் பார்த்து அந்தப் பழக்கத்தோடுதான் வருகிறார்கள். நாட் கிடைத்ததும் பெருக்கத் தொடங்குகிறார்கள். குறும்படத்துக்குத் தேவை நேர் எதிரான பயிற்சி என்பது அவர் கட்சி. கிடைத்ததைக் குறைத்துக்கொண்டே வந்து, இதற்குமேல் எடுத்தால் கதையே மிஞ்சாது என்ற இடத்தில் நிறுத்த வேண்டும்.

பெருக்கும் ஆசைக்குத் தமிழ்நாட்டில் ஒரு பின்னணி உண்டு. கலைஞர் தொலைக்காட்சியில் ‘நாளைய இயக்குநர்’ நிகழ்ச்சி ஓடிய காலத்தில் கார்த்திக் சுப்புராஜ், நலன் குமரசாமி, பாலாஜி மோகன், அல்போன்ஸ் புத்திரன் என்று ஒரு தலைமுறையே குறும்படம் வழியாகச் சினிமாவுக்குள் வந்தது. 2012இல் ‘பீட்சா’, 2013இல் ‘சூது கவ்வும்’. பல வருடம் உதவி இயக்குநராகக் காத்திருக்க வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு அது பெரிய வாசல். அந்த வாசலை அவர் மனதார மதிக்கிறார். அவருடைய வருத்தம் வேறு. குறும்படம் என்றால் தயாரிப்பாளரிடம் நீட்டும் விசிட்டிங் கார்டு என்ற எண்ணம் அதிலிருந்து ஊறிப்போய்விட்டது. கிரேன் ஷாட் தெரியும், சண்டை எடுக்கத் தெரியும், கடைசியில் டிவிஸ்ட் வைக்கத் தெரியும் என்று ஒரே படத்தில் எல்லாவற்றையும் நிரூபிக்கப் பார்க்கிறார்கள். இத்தனைக்கும், முழுநீளப் படமாக வளர்ந்த குறும்படங்களின் கதைகள் சின்னஞ்சிறியவை. காதலர்கள் இருவரும் செல்போனை மாற்றிக்கொண்டால் என்ன ஆகும் என்பதுதான் பிரதீப் ரங்கநாதனின் ‘அப்பா லாக்’. அதுதான் 2022இல் ‘லவ் டுடே’ ஆனது. பாலாஜி மோகனின் ‘காதலில் சொதப்புவது எப்படி’, 2012இல் திரையரங்குக்கு வருவதற்கு முன்பு யூடியூபில் பலரும் பார்த்துச் சிரித்த குறும்படம். இரண்டுமே குறும்படமாக இருந்தபோதே முழுமையாக இருந்தவை என்பதை அவர் மாணவர்களிடம் அழுத்திச் சொல்வார்.

எவ்வளவு நேரம் இருக்கலாம் என்பதற்கு விதிகள் தாராளமாகவே இடம் தருகின்றன. ஆஸ்கரில் டைட்டில்களையும் சேர்த்து 40 நிமிடம் வரை குறும்படம்தான். கான் விழாவின் குறும்படப் போட்டிக்கு 15 நிமிடம் உச்ச வரம்பு. அதே விழாவில் திரைப்படப் பள்ளி மாணவர்களுக்கான ‘லா சினெஃப்’ பிரிவில் 60 நிமிடம் வரை போகலாம். அவர் பரிந்துரைப்பது பத்து நிமிடம். காரணம் கணக்குதான். திரைக்கதையில் ஒரு பக்கம் ஏறத்தாழ ஒரு நிமிடம். மாணவர் யூனிட் ஒன்று நாளொன்றுக்கு மூன்று பக்கம் உருப்படியாக எடுத்தால் பெரிய காரியம். பத்துப் பக்கம் என்றால் மூன்று நாளும் ஒரு அரை நாளும். நண்பர்களின் பொறுமையும், கேட்டு வாங்கிய வீட்டுக்காரரின் பொறுமையும் அதற்குள்தான் தாங்கும்.

வகுப்பில் அவர் முதலில் போட்டுக் காட்டுவது சத்யஜித் ராயின் ‘டூ’. 1964இல் எஸ்ஸோ நிறுவனத்தின் தொலைக்காட்சித் தொடருக்காக ராய் எடுத்த படம். சுமார் 12 நிமிடம். வங்காளப் பின்னணியில் ஆங்கிலத்தில் ஒரு படம் கேட்டார்கள். ராய் வசனமே இல்லாமல் எடுத்துக் கொடுத்தார். மாளிகையில் தனியாக இருக்கும் பணக்காரப் பையன். ஜன்னலுக்கு வெளியே குடிசைப் பையன் ஒருவன் புல்லாங்குழல் ஊதுகிறான். இவன் தன் பொம்மைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டிப் போட்டி போடுகிறான். குடிசைப் பையனின் பட்டம் வானில் ஏறியதும் அதைத் துப்பாக்கியால் சுட்டுக் கிழிக்கிறான். கடைசியில் வெளியே மறுபடியும் குழல் கேட்கிறது.

படம் முடிந்ததும் அவர் தருவது ஒரு வேலை: இந்தப் படத்துக்கு என்னென்ன வேண்டியிருந்தது என்று பட்டியல் எழுத வேண்டும். இரண்டு சிறுவர்கள், ஒரு வீடு, ஒரு ஜன்னல், எதிரே காலி நிலம், கொஞ்சம் பொம்மை, ஒரு பட்டம். அரைப் பக்கத்தில் முடிந்துவிடும். பிறகு, அவரவர் கதைக்கும் இதே பட்டியலை எழுதச் சொல்வார். இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததும் நிறைய கதைகள் தாமாகவே இளைத்துவிடும். ஏழு லொகேஷன் வைத்திருந்தவர் மறுநாள் இரண்டோடு வருவார்.

பெரிய கற்பனைக்கு இடமே இல்லையா என்று கேட்கும் மாணவர்களுக்கு அண்மைக்கால உதாரணம் ஒன்று கிடைத்திருக்கிறது. புனே திரைப்படக் கல்லூரியில் ஓராண்டுத் தொலைக்காட்சிப் படிப்பு படித்த சிதானந்த் நாயக், அதற்குமுன் மைசூரில் மருத்துவம் படித்தவர். கன்னட நாட்டுப்புறக் கதை ஒன்றை எடுத்துக்கொண்டார். கிழவி ஒருத்தி ஊரின் சேவலைத் திருடிக்கொண்டு போய்விடுகிறாள். ஊருக்குப் பொழுதே விடியவில்லை. 16 நிமிடப் படம், நான்கு நாள் படப்பிடிப்பு. 2024இல் கானின் லா சினெஃப் முதல் பரிசு அதற்குத்தான். சூரியனே எழாமல் போகும் அளவுக்குப் பெரிய கதை. தேவைப்பட்டதோ ஒரு கிழவி, ஒரு சேவல், கொஞ்சம் மனிதர்கள், இரவு. கற்பனை விரியலாம், தேவைகள் விரியக் கூடாது என்று இந்தப் படத்தைக் காட்டித்தான் ஆசிரியர் விளக்குகிறார். அதே 2024இல் கான் விழாவில் கிராண்ட் பிரீ வென்ற பாயல் கபாடியாவும் புனேயில் படித்தவர்தான். அவருடைய மாணவப் பருவப் படமான ‘ஆஃப்டர்நூன் கிளவுட்ஸ்’, ஒரு வீட்டுக்குள் ஒரு விதவையும் அவர் வீட்டு வேலைக்காரப் பெண்ணும் கழிக்கும் ஒரு மதியம், 13 நிமிடம்.

சொந்தக் கதை பிடிபடாதவர்களுக்கு ஆசிரியர் சிறுகதைகளைக் கொடுக்கிறார். இது பாலு மகேந்திரா காட்டிய வழி. ‘கதை நேரம்’ தொடரில் எழுத்தாளர்களின் சிறுகதைகளை எடுத்துக் குறும்படங்களாக்கியவர் அவர்; அதில் உதவி இயக்குநராக இருந்த வெற்றிமாறன், கதைகளைப் படித்துக் காட்சியாக யோசிக்கும் பழக்கம் அங்கிருந்து வந்ததைப் பற்றிப் பலமுறை பேசியிருக்கிறார். ஆசிரியர் அதிகம் எடுப்பது புதுமைப்பித்தனை. எழுத்தாளர் இறந்து 60 ஆண்டுகள் கழிந்தால் இந்தியாவில் பதிப்புரிமை முடிந்துவிடும். 1948இல் மறைந்த புதுமைப்பித்தனின் கதைகளை யாரிடமும் கேட்காமல் எடுக்கலாம். ‘பொன்னகரம்’ சில பக்கங்கள்தான். அடிபட்டுக் கிடக்கும் கணவனுக்குப் பால் கஞ்சி வேண்டும்; அம்மாளு இருட்டில் சந்துக்குள் போய்க் காசோடு திரும்புகிறாள். சுலபமாக எடுத்துவிடலாம் என்று தொடங்கும் மாணவர்கள் நடுவில் முழிப்பார்கள். கதையின் சூடு நடந்த சம்பவத்தில் பாதிதான்; மீதி அதைச் சொல்லும் எழுத்தாளரின் குரலில் இருக்கிறது. அந்தக் குரலை எந்த ஷாட்டில் வைப்பது? சிலர் பின்னணிக் குரலாகப் பேசவைத்துப் பார்ப்பார்கள், ஒட்டாது. ஒரு மாணவி அந்தத் தெருவையே, அதன் சாக்கடையையும் குழாயடியையும், நீண்ட ஷாட்டாக முதலில் காட்டிவிட்டுக் கதைக்குள் போகலாம் என்று எழுதிவந்தார். குரலின் கோபம் அந்த ஷாட்டுக்குள் வந்துவிட்டது. இப்படி ஒரு வாரம் தலையை உடைத்துக்கொண்டால் சொந்தக் கதைக்கும் கண் திறக்கும்.

பாட்டு விஷயத்திலும் இதே உரிமைக் கேள்வி வரும். பாரதியாரின் பாடல்களை 1949இல் அரசே நாட்டுடைமை ஆக்கிவிட்டது. அதை நம்பி யாரோ பாடிப் பதிவு செய்த பாரதி பாட்டைப் படத்தில் போடக் கூடாது. அந்த ஒலிப்பதிவுக்குத் தனி உரிமை உண்டு. நண்பரைச் சொந்த மெட்டில் பாடவைத்துப் பதிவு செய்தால் ஒரு சிக்கலும் இல்லை.

அடுத்தது பேப்பர். இடப்பக்கம் காட்சி, வலப்பக்கம் வசனம் என்று கோடம்பாக்கம் காலங்காலமாகப் பழகிய முறையிலேயே எழுதவைக்கிறார். எழுதியதை வகுப்பில் ஒருவர் உரக்கப் படிக்க, இன்னொருவர் கடிகாரம் பார்க்க வேண்டும். ‘அவன் தன் கடந்த காலத்தை நினைத்து வருந்துகிறான்’ என்று ஒரு வரி வந்தால் படிப்பு அங்கேயே நிற்கும். வருந்துவதை எப்படிப் பார்ப்பது, எப்படிக் கேட்பது? அதற்குப் பதில் எழுதிவந்த பிறகுதான் அடுத்த வரி. ஷாட் டிவிஷன், ஒன் லைன் ஆர்டர், ஆர்ட்டிஸ்ட் பட்டியல் எல்லாம் சேர்ந்து பவுண்ட் ஸ்கிரிப்டாகக் கையில் வரும்வரை துறையின் கேமராவுக்கு அவர் கையெழுத்துப் போடுவதில்லை. மாணவர்களுக்கு இதில் கோபம் வரும். வந்தாலும் அவர் விட்டுக்கொடுப்பதில்லை. செமஸ்டரில் பாதியைப் பேப்பருக்குக் கொடுத்தவர்களின் படங்கள்தான் முடிந்திருக்கின்றன என்பதை அவர் ஒவ்வொரு வருடமும் பார்க்கிறார்.

லொகேஷன் பார்ப்பதில் அவர் கறாரானவர். படம் எடுக்கப்போகும் அதே நேரத்தில் அந்த இடத்துக்குப் போக வேண்டும். காலை ஏழு மணிச் சீனுக்கு மதியம் போய்ப் பார்த்துவிட்டு வந்தால் பயனில்லை. ஜன்னலில் வெயில் எந்தப் பக்கம் விழும் என்று தெரியாது. முதல் ஐந்து நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு கேட்க வேண்டும். பக்கத்துப் பள்ளிக்கூட மணி, குக்கர் விசில், கோயில் ஸ்பீக்கர், தண்ணீர் லாரி, காக்கை. இவை எந்தெந்த நேரத்தில் வருகின்றன என்று குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு பிளக் பாயின்ட் எங்கே, வண்டி எங்கே நிறுத்துவது. கழிப்பறை எங்கே என்பதை அவர் தனியாகக் கேட்பார். யூனிட்டில் பெண்கள் இருக்கிறார்கள். நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் நிற்கும்படி யாரையும் வைக்கக் கூடாது. மெரினா, ரயில் நிலையம், மெட்ரோ என்றால் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். அனுமதிக்கு அலைய முடியாதென்றால் கதையை வீட்டு மாடிக்குக் கொண்டுவந்துவிடுவது நல்லது. மாடியில் வானம் கிடைக்கிறது, மாலை வெளிச்சம் கிடைக்கிறது, வெயில் ஏறினால் ஒரு தெர்மாகோல் போர்டை வைத்து முகத்து நிழலைச் சரிசெய்துகொள்ளலாம்.

குழந்தைகளை நடிக்கவைப்பவர்களுக்கு அவர் ஒரு சட்டத்தைப் படிக்கக் கொடுக்கிறார். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் 2017இல் வந்த விதிகளின்படி, படப்பிடிப்பில் ஒரு குழந்தையை நாளுக்கு 5 மணி நேரத்துக்குமேல் வேலை வாங்கக் கூடாது. ஓய்வில்லாமல் தொடர்ந்து 3 மணி நேரத்துக்குமேல் கூடாது. பெரிய கம்பெனிக்கு எழுதிய விதி நமக்கெதற்கு என்று மாணவர்கள் நினைக்கலாம். அவர் துறையில் அந்த 5 மணி நேரத்துக்குள்தான் ஷெட்யூல் போட வேண்டும். அக்கா பிள்ளையாக இருந்தாலும் அதேதான்.

நடிகர்களுக்குப் பலரும் வகுப்புத் தோழர்களையே பிடிக்கிறார்கள். இருபது வயதுப் பையனுக்கு நரை பூசி அப்பாவாக்குவதை அவரால் பொறுத்துக்கொள்ள முடியாது. நாடகக்காரர்களைப் போய்ப் பாருங்கள் என்பார். 1977இல் ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறை போன்ற குழுக்களால் சென்னையில் நடிப்புப் பயிற்சி உள்ளவர்களுக்குக் குறைவில்லை. நல்ல பேப்பரோடு போனால் மாணவர் படம் என்று தள்ளிவிடுவதில்லை. இல்லையென்றால் சொந்தப் பாட்டி. பாட்டியைப் பாட்டியாகவே விட்டால் போதும், நடிக்கச் சொல்லக் கூடாது.

ஒத்திகையின் அருமைக்கு உதாரணமாக அவர் சொல்வது கிறிஸ்டோபர் நோலனின் முதல் முழுநீளப் படமான ‘ஃபாலோயிங்’. 1998இல் வந்த கறுப்பு வெள்ளைப் படம். எல்லோருக்கும் வார நாட்களில் வேலை இருந்ததால் சனிக்கிழமைகளில் மட்டும் ஏறத்தாழ ஒரு வருடம் எடுத்தார்கள். 16 மி.மீ. பிலிம் விலை அதிகம் என்பதால், ஓரிரு டேக்கில் முடியும்படி ஒவ்வொரு சீனையும் முன்பே பலமுறை ஒத்திகை பார்த்தார்கள். இன்று மெமரி கார்டில் டேக்குக்குச் செலவில்லை. பொழுது மட்டும் அன்றுபோலவே போகிறது. மாலை வெளிச்சம் இருக்கும் அரை மணி நேரத்தில் பத்தாவது டேக் போய்க்கொண்டிருந்தால், அன்றைக்கு வேண்டிய மற்ற இரண்டு ஷாட்டும் கிடைக்காது.

பட்ஜெட்டில் முதல் வரியாகச் சாப்பாடு இருக்க வேண்டும். லென்ஸ் வாடகைக்குக் கொடுத்துவிட்டு யூனிட்டுக்கு டீயும் பன்னும் வாங்கித் தரும் படங்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். மதியம் மூன்று மணிக்குமேல் அங்கே யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இரண்டாவது வரி சவுண்டு. கேமரா எவ்வளவு நல்லதாக இருந்தாலும் வசனம் கேட்கவில்லை என்றால் பார்ப்பவர் எழுந்து போய்விடுவார். படம் கொஞ்சம் இருட்டாக இருந்தால்கூட உட்கார்ந்திருப்பார். அப்புறம் டப்பிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்பதை அவர் ஒப்புக்கொள்வதில்லை. அழுதுகொண்டே பேசிய பெண்ணை, ஒரு மாதம் கழித்து மூடிய அறையில் அதே அழுகையோடு பேசவைப்பது தேர்ந்த நடிகர்களுக்கே கஷ்டம். தனி ரெக்கார்டர், நடிகருக்குக் கிட்டத்தில் மைக், ஒவ்வொரு டேக்குக்கும் கிளாப். மின்விசிறியையும் ஃபிரிட்ஜையும் நிறுத்த வேண்டும். ஃபிரிட்ஜை நிறுத்துபவர் தன் வண்டிச் சாவியை அதற்குள்ளேயே வைத்துவிடுவது உலகம் முழுக்க யூனிட்டுகளில் உள்ள பழக்கம். கிளம்பும்போது மறுபடி போட மறக்காது, வீட்டுக்காரரின் பாலும் கெடாது. ஒவ்வொரு இடத்திலும் எல்லோரும் பேசாமல் நின்று ஒரு நிமிடம் அறையின் வெறும் சத்தத்தைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். எடிட்டிங்கில் வசனங்களுக்கு நடுவே உள்ள ஓட்டையை அதை வைத்துத்தான் அடைக்க முடியும்.

ஷூட்டிங் முடிந்த அன்றிரவே ஃபுட்டேஜ் இரண்டு டிரைவில் ஏற வேண்டும். இரண்டும் இரண்டு வீட்டில் இருக்க வேண்டும். ஷெட்யூலில் பேட்ச் ஒர்க்குக்கு ஒரு நாள் முதலிலேயே ஒதுக்கியிருக்க வேண்டும். விடுபட்ட கை ஷாட்டும் வாசல் ஷாட்டும் எடிட்டிங்கில் உட்கார்ந்த பிறகுதான் தெரியவரும். முதல் ‘கட்’டை, கதையே தெரியாத இரண்டு பேருக்குப் போட்டுக் காட்ட வேண்டும். நன்றாக இருக்கிறதா என்று கேட்கக் கூடாது, “என்ன கதைன்னு சொல்லுங்க” என்று கேட்க வேண்டும். அவர்கள் சொல்லும் கதை வேறாக இருந்தால் எங்கே வழிமாறியது என்று அங்கேயே தெரிந்துவிடும். முடிந்ததும் யூடியூபில் ஏற்றிவிட எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். சில விழாக்கள் இணையத்தில் வந்த படத்தை எடுப்பதில்லை. ஆகவே முதலில் விழாக்களின் விதிகளைப் படிக்க வேண்டும். திருவனந்தபுரத்தில் நடக்கும் கேரள ஆவணப்பட, குறும்பட விழாவில் கல்லூரி மாணவர் படங்களுக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. இரவு ரயிலில் போய்ப் பார்த்துவிட்டு வருவதே ஒரு பாடம்.

அவருக்குத் துறைகளிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. பல இடங்களில் மதிப்பெண் முழுக்க முடிந்த படத்துக்கே போகிறது. மூன்றில் ஒரு பங்கையாவது ஸ்கிரிப்டுக்கும் திட்டத்துக்கும் கொடுங்கள். அந்த வேலையை ஐந்தாவது செமஸ்டரிலேயே தொடங்கவையுங்கள். சமர்ப்பிக்கும் தேதிக்குப் பத்து நாள் முன்பு கேமரா எடுக்கும் பிள்ளைகளிடம் நல்ல படத்தை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

வாசகர்களுக்கும் ஒன்று. ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் உங்கள் தெருவில் நாலைந்து பிள்ளைகள் வந்து, ஒரு நாள் உங்கள் வீட்டில் படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்கக்கூடும். ஸ்கிரிப்டைக் காட்டச் சொல்லிப் படியுங்கள். பிடித்திருந்தால் வீட்டைக் கொடுங்கள். அவர்கள் சவுண்டு எடுக்கும்போது மட்டும் மிக்ஸி போடாதீர்கள்.